கொழுந்தனாருக்குத் தெரியாமல் சேர்த்தது

சரஸ்வதிபுரம், மைசூர்
டிசம்பர் 2025

அடி சிநேகிதி,

உட்கார்ந்துகொண்டு படி. எங்கள் அத்தைக்கு யாருக்கும் தெரியாமல் இரண்டு பேங்க் கணக்கு இருந்திருக்கிறது! எந்த அத்தை என்று கேட்காதே, எனக்கு இருந்தது ஒரே அத்தைதான். மகாராணி காலேஜில் நாம் படித்தபோது உனக்கென்று தனி டப்பாவில் புளியோதரை கொடுத்தனுப்புவாரே, அவர். பஸ்ஸுக்குச் சில்லறை கேட்டால் "என்கிட்ட ஏதும்மா காசு?" என்று முந்தானையை உதறிக் காட்டுவாரே, அவரேதான்.

போன வருஷம் ஆடியில் அவர் போனது உனக்குத் தெரியும். வருஷம் திரும்பாத வீடு என்று அந்தத் தசராவுக்குக் கொலு வைக்கவில்லை. இந்தத் தடவைதான் பரணிலிருந்து பொம்மைப் பெட்டியை இறக்கினோம். எங்கள் ஊரில் பட்டத கொம்பெ, அதாவது ராஜா ராணி மரப்பொம்மை ஜோடி, முதலில் படியேறினால்தான் மற்றதெல்லாம் ஏறும். ராணியைச் சுற்றியிருந்த பழைய பிரஜாவாணிப் பத்திரிகைத் தாளைப் பிரித்தேன். உள்ளே இன்னொரு தாள். அதற்குள் ஒரு மஞ்சள் அட்டையும் ஒரு பாஸ்புக்கும். ரப்பர் பேண்ட் உருகி அட்டையோடு ஒட்டிப்போயிருந்தது. அட்டை முழுக்கக் கட்டம் கட்டமாகத் தேதி, எதிரே இரண்டு ரூபாய், இரண்டு ரூபாய், ஒரு நாள் மட்டும் ஐந்து, மறுபடி இரண்டு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் யாரோ கிறுக்கிய கையெழுத்து. சிண்டிகேட் பேங்க் பிக்மி, அதாவது தினச் சேமிப்பு! பாஸ்புக் ஸ்டேட் பேங்க் ஆஃப் மைசூருடையது. கடைசி வரவு 2011இல்.

ஒளித்த இடத்தைப் பார், என்ன மூளை! பீரோவை ஆம்பளைகள் திறப்பார்கள், அரிசி டின்னை மருமகள்கள் திறப்பார்கள். ராணி பொம்மையை அத்தையைத் தவிர யாரும் தொடக்கூடாது என்று எங்கள் வீட்டில் சட்டமே இருந்தது. அது பக்தி என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

காசு எங்கிருந்து வந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஜாக்கெட் தைத்தார், புளியோதரைப் பொடி இடித்து விற்றார். பிக்மி ஏஜெண்ட் வீட்டுப் பக்கம் வந்ததே இல்லையே, எப்படிக் கட்டினார் என்றுதான் மண்டை குடைந்தது. அக்ரஹாரத்துப் பூக்காரம்மாதான் போட்டு உடைத்தார். தினம் மாலையில் அத்தை மல்லிகை வாங்கப் போவார் இல்லையா, அதே நேரத்துக்கு ஏஜெண்டும் அந்தக் கடை வாசலில் சைக்கிளை நிறுத்துவாராம். ஒரு கையில் பூ, மறு கையில் இரண்டு ரூபாய். ஒரு முழம் மல்லிகைக்கு அரை மணி நேரமா என்று அம்மா முணுமுணுத்தது இப்போது புரிகிறது.

யாரிடமிருந்து ஒளித்தார் என்று கேள். எங்களிடமிருந்து இல்லை. அந்த நஞ்சன்கூடு கொழுந்தனாரிடமிருந்து. வீட்டுக்காரர் போனபோது அத்தைக்கு முப்பது வயசுகூட ஆகவில்லை. "அண்ணிக்கு எதுக்கு இவ்வளவு நகை, நான் பத்திரமா வைக்கிறேன்" என்று வாங்கிப்போனவர் இந்தக் கொழுந்தனார். பத்திரமாகத்தான் வைத்தார், இன்றுவரை கண்ணில் காட்டவில்லை. அதற்கப்புறமும் மாசம் தவறாமல் வந்து, அண்ணியிடம் கைமாற்றுக் கேட்பார். அதனால்தான் அந்த முந்தானை உதறல். முதலில் அவருக்காக உதறிப் பழகி, பிறகு எல்லோருக்கும் உதறினார் என்று நினைக்கிறேன்.

கேட்பாரற்ற பணம் என்று பேப்பரில் போடுகிறார்களே, அதெல்லாம் மறதியால் வந்தது என்கிறார்கள். நான் நம்பவில்லை. காசை எவளாவது மறப்பாளா? வீட்டில் ஒருவருக்குத் தெரியக்கூடாது என்று வைத்தது, வைத்தவர் போனதும் தெரிய வேண்டியவர்களுக்கும் தெரியாமல் போய்விடுகிறது. ஆம்பளைகளும் சளைத்தவர்கள் இல்லை. எங்கள் எதிர் வீட்டுப் பெரியவர் காலமான பிறகு ஒரு பிக்சட் டெபாசிட் கிளம்பியது, அதில் நாமினி அவர் சம்சாரம் இல்லை. யார் என்று லெட்டரில் எழுத மாட்டேன். நேரில் வா.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கையில் இரண்டு பேங்க் பெயர் இருக்கிறது, ஊரில் இரண்டு பேங்கும் இல்லை! விசுவேசுவரய்யா திவானாக இருந்தபோது 1913இல் தொடங்கிய மைசூர் பேங்க் 1960இல் ஸ்டேட் பேங்க் ஆஃப் மைசூர் ஆனது. 2017 ஏப்ரல் 1 அன்று ஸ்டேட் பேங்க் ஆஃப் இந்தியாவுக்குள் போய்விட்டது. சிண்டிகேட் கடற்கரைப் பிள்ளை. நெசவாளிகளுக்குக் கைகொடுக்க வேண்டும் என்று டாக்டர் டி.எம்.ஏ. பையும் அவர் அண்ணன் உபேந்திர பையும் வாமன் குடுவாவும் 1925இல் உடுப்பியில் ஆரம்பித்தது. 1928இல் பிக்மி வந்தது. தினம் இரண்டணா போதும், ஏஜெண்ட் வாசலுக்கே வந்து வாங்கிக்கொள்வார். பேங்க் படியேறக் கூச்சப்பட்டவர்களும், படியேறினால் வீட்டில் கேள்வி வருமே என்று பயந்தவர்களும் அதில்தான் சேர்த்தார்கள். அத்தை இதில் இரண்டாவது ரகம்.

அந்தப் பழைய தென் கன்னடக் கடலோர ஜில்லா ஒன்றே ஐந்து பெரிய பேங்க் பெற்றுப் போட்டிருக்கிறது: கனரா, கார்ப்பரேஷன், கர்நாடகா, சிண்டிகேட், விஜயா. மலையேறி வந்து மைசூர் ராஜ்யத்துக் காசையெல்லாம் சேர்த்துக்கொண்டவை. இன்று சொந்தப் பெயரோடு இருப்பவை கனராவும் கர்நாடகா பேங்கும்தான். விஜயா 2019இல் பேங்க் ஆஃப் பரோடாவுக்குள் போனது. 2020இல் சிண்டிகேட் கனராவுக்குள், கார்ப்பரேஷன் யூனியன் பேங்குக்குள். கல்யாணமான பெண்ணுக்கு இனிஷியல் மாறுவது மாதிரி ஒவ்வொன்றுக்கும் பெயர் மாறிவிட்டது, பழைய பாஸ்புக்கை வைத்துக்கொண்டு வீடு தேடுவது நம் பாடு. பழைய லெட்ஜர் எண் வேறு, கம்ப்யூட்டர் வந்தபோது கொடுத்த எண் வேறு. ஆனால் பணம் எங்கும் போகவில்லை. போன இடம் ரிசர்வ் வங்கி.

அது எப்படி என்று சொல்கிறேன், உனக்கும் உபயோகப்படும். இரண்டு வருஷம் நாம் ஒன்றும் செய்யாவிட்டால் கணக்கு தூங்கிவிடும். பத்து வருஷம் யாரும் எட்டிப்பார்க்காவிட்டால் பேங்க் அந்தப் பணத்தை ரிசர்வ் வங்கியின் ஒரு நிதியில் கட்டிவிட வேண்டும். 2014இல் உண்டாக்கினார்கள், வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதி என்று அதற்கு நீளமாக ஒரு பெயர். 2024 மார்ச் முடிவில் அதில் 78,213 கோடி ரூபாய் இருந்ததாம். முந்தின வருஷம் 62,225 கோடி. ஒரே வருஷத்தில் பதினாறாயிரம் கோடி ஏறியிருக்கிறது! இந்த நாட்டில் எத்தனை ராணி பொம்மைகள் இருக்கும், யோசித்துப் பார்.

நல்ல விஷயம் என்னவென்றால் அங்கே போனதால் நம் பாத்தியதை போவதில்லை. எத்தனை வருஷம் கழித்துக் கேட்டாலும் பேங்க் நமக்குக் கொடுத்துவிட்டு ரிசர்வ் வங்கியிடம் வாங்கிக்கொள்ளும். வட்டி வந்துகொண்டிருந்த கணக்கானால் வட்டியும் உண்டு. 2021 மே மாதத்திலிருந்து 3 சதவீதம், அதுவும் தனி வட்டி. வட்டிக்கு வட்டி என்று கனவு காணாதே.

உன் பையன் கலிபோர்னியாவில் கடலோரத்து மான்டரே கவுண்ட்டியில் இருக்கிறான் என்றாயே, அங்கே கதை வேறு. கவுண்ட்டி கஜானாவில் மூன்று வருஷம் கேட்பாரற்றுக் கிடந்த பணத்துக்குப் பத்திரிகையில் இரண்டு வாரம் விளம்பரம் போடுவார்கள். அப்படியும் யாரும் வராவிட்டால் அது கவுண்ட்டிக்கே சொந்தமாகிவிடும். வரிப் பாக்கி திரும்பியது என்று ஏதாவது நிற்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவைக்கச் சொல். நம்மூர் ரிசர்வ் வங்கி அந்த விஷயத்தில் பொறுமைசாலி. எல்.ஐ.சி. பணத்துக்குக்கூட கெடு உண்டு. பத்து வருஷம் கேட்காவிட்டால் மூத்த குடிமக்கள் நல நிதிக்குப் போகும். அங்கே போய் இருபத்தைந்து வருஷத்துக்குள் கேட்காவிட்டால் சர்க்காருக்கு. கம்பெனி டிவிடெண்டானால் ஏழு வருஷத்தில் இன்னொரு நிதிக்குப் போய்விடும், கூடவே பங்கையும் இழுத்துக்கொண்டு. அதைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் அந்தப் படிவம் நிரப்பினவர்களைக் கண்டால் நான் எழுந்து நின்று கும்பிடுவேன்.

தேடுவது எப்படி? உத்கம் என்று ரிசர்வ் வங்கியின் இணையதளம், 2023 ஆகஸ்டில் வந்தது. செல்போன் எண்ணைக் கொடுத்தால் ஓ.டி.பி. வரும். பெயரைப் போட்டு, பேங்கைத் தேர்ந்தெடுத்து, பான் எண்ணோ வாக்காளர் அட்டை எண்ணோ பிறந்த தேதியோ ஏதாவது ஒன்றைப் போட வேண்டும். முப்பது பேங்க் அதில் இருக்கின்றன. காசு ஒன்றும் கட்ட வேண்டாம். எவனாவது போன் பண்ணி, உங்கள் மாமனார் பணம் வந்திருக்கிறது, புராசஸிங் ஃபீஸ் கட்டுங்கள் என்றால் அப்படியே வைத்துவிடு.

நம்ம வீட்டு இன்ஜினியர் உட்கார்ந்தான். அதுதான் என் பெரியவன். அத்தை பெயரை அடித்தான், "ஒன்றும் இல்லை" என்று வந்தது. "அம்மா, பாட்டி பணத்தையெல்லாம் எடுத்துச் செலவு பண்ணிட்டாங்க" என்று எழுந்துவிட்டான். படிப்பு இருந்து என்ன, அவனுக்கு மைசூர் தெரியவில்லையே! அத்தை பெயரில் ஒரு லட்சுமி இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்த லட்சுமியை எக்ஸ் போட்டு எழுதுவார் ஒரு குமாஸ்தா, கே, எஸ், ஹெச் போட்டு எழுதுவார் இன்னொருவர். கன்னடக் குமாஸ்தாவாக இருந்தால் மரியாதைக்கு ஓர் 'அம்மா'வைச் சேர்த்து லட்சுமம்மா ஆக்கிவிடுவார். இனிஷியலோ, தமிழ்நாட்டு வழக்கப்படி அப்பா பெயரா, கல்யாணத்துக்கு அப்புறம் வீட்டுக்காரர் பெயரா, இல்லை இந்த ஊர் வழக்கப்படி ஊர்ப் பெயரா? பிறந்த தேதி அதற்கு மேல். அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் புண்ணியத்தில் பாதி ஊருக்கு ஜூன் 1 பிறந்தநாள், அத்தைக்கும் அப்படித்தான், ஆனால் வீட்டில் கொண்டாடியது தை மாசத்தில்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு லட்சுமியாகச் சொன்னேன். நஞ்சன்கூட்டு 'என்' போட்ட லட்சுமம்மா, ஜூன் 1. டக்கென்று விழுந்தது! ஸ்டேட் பேங்க். தொகை எவ்வளவு என்று காட்டாது, ஒரு குறிப்பு எண் மட்டும் கொடுக்கும், அதை எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போக வேண்டும். கனராவில் பிக்மி முதிர்ந்து டெபாசிட்டாக மாறி அத்தையின் தமிழ்நாட்டு இனிஷியலோடு உட்கார்ந்திருந்தது. ஒரே பொம்பளை, இரண்டு பேங்கில் இரண்டு பெயர். வேண்டுமென்றே செய்தாரோ என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. கொழுந்தனார் ஒன்றைக் கண்டுபிடித்தாலும் மற்றது தப்பும் இல்லையா?

கனராவில் நாமினி இருந்தது. யார் தெரியுமா? என் தங்கை! நான் மூத்தவள், எண்ணெய் தேய்த்துவிட்டது நான், கால் அமுக்கியது நான், நாமினி அவள். ஒரு வாரம் நான் அவளிடம் பேசவில்லை. பேங்கில் நாமினி போடும் வழக்கமே 1985இல்தான் வந்தது, அதனால் அதற்கு முந்தின பழைய கணக்கு பலதில் நாமினி இருக்காது. அத்தையின் மைசூர் பேங்க் கணக்கும் அப்படித்தான், பிறகு யாரும் போடச் சொல்லவில்லை.

நாமினி இருந்தால் வேலை சுளுவு. இறப்புச் சான்றிதழ், கிளெய்ம் படிவம், நாமினியின் ஆதார். வாரிசு சர்ட்டிபிகேட், ஜாமீன், பத்திரம் ஒன்றும் கேட்கக்கூடாது, தொகை எவ்வளவானாலும். இந்த செப்டம்பரில் ரிசர்வ் வங்கி புது உத்தரவு போட்டிருக்கிறது, பேப்பரெல்லாம் கொடுத்த பதினைந்து நாளுக்குள் தீர்க்க வேண்டும், பேங்க் தாமதித்தால் வட்டியோடு ஈடுகட்ட வேண்டும். வருகிற மார்ச் 31க்குள் எல்லா பேங்கும் இதற்கு மாறிவிட வேண்டுமாம். நாமினி இல்லாவிட்டாலும் பதினைந்து லட்சம் வரை கோர்ட்டுக்குப் போகாமல் முடிக்கலாம், ஆனால் மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை என்ற கையெழுத்தும் வேண்டும்.

இந்த "மற்ற வாரிசுகள்" என்ற இடத்தில்தான் வண்டி குடை சாய்ந்தது.

நாங்கள் நினைத்தது என்ன? நாற்பது வருஷத்துக்கு மேல் எங்கள் வீட்டில் இருந்தார், கடைசியில் ஆஸ்பத்திரிச் செலவு பார்த்தது என் தம்பி, கொள்ளி வைத்ததும் அவன். வாரிசு நாங்கள்தானே? இல்லையாம்! 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டம், பதினைந்தாவது பிரிவு. ஓர் இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால் முதலில் பிள்ளை, பெண், கணவன். அவர்கள் யாரும் இல்லையென்றால் அடுத்த வரிசை கணவனின் வாரிசுகள். அவளுடைய அப்பா அம்மாவே அதற்கப்புறம்தான், கூடப் பிறந்தவர்கள் இன்னும் பின்னால். அப்பா அம்மாவிடமிருந்து வந்த சொத்தானால் பிறந்த வீட்டுக்குத் திரும்பும், அவளே ஊசி குத்திச் சம்பாதித்ததானால் புகுந்த வீட்டுக்கு! 2009இல் ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. கல்யாணமான மூன்று மாசத்தில் புருஷன் போய், மாமியார் வீட்டார் விரட்டிவிட்ட பெண். தானே படித்து வேலை பார்த்துச் சேர்த்துவைத்தாள். அவள் போனதும் அந்தப் பணத்தை அவளுடைய அம்மா கேட்டார். கோர்ட் புகுந்த வீட்டுக்குத்தான் என்றது. எங்கள் வக்கீல் இதைச் சொன்னபோது நான் அவர் மேஜையில் இருந்த காப்பியைத் தொடவில்லை.

ஆக, அத்தையின் கணவர் வழியில் உயிரோடு மிச்சமிருப்பது யார்? வேறு யார், நஞ்சன்கூடு கொழுந்தனார்! பூக்கடை வாசலில் இரண்டு இரண்டு ரூபாயாக யாருக்குத் தெரியக்கூடாது என்று சேர்த்தாரோ, அவருக்கே. ஒரு தாளில் உயில் எழுதி இரண்டு சாட்சி கையெழுத்து வாங்கியிருந்தால் போதும், ரிஜிஸ்டர்கூடச் செய்ய வேண்டாம். ஒளிக்கத் தெரிந்த அத்தைக்கு எழுதத் தெரியவில்லை, எழுதச் சொல்ல ஆளும் இல்லை. போன மாசம் உச்ச நீதிமன்றமே இந்துப் பெண்களெல்லாம் உயில் எழுதிவையுங்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. சட்டத்தை மாற்றுவதை விட்டுவிட்டு நமக்குப் புத்தி சொல்கிறார்கள் என்று எனக்குக் கோபம்தான், ஆனாலும் எழுதிவிட்டேன். வீட்டில் எல்லோரும் சாட்சியாக வர முண்டியடித்தார்கள். பங்கு உள்ளவர்கள் யாரும் வேண்டாம் என்று பூக்காரம்மாவையும் அவர் மருமகளையும் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினேன்.

தங்கைதான் நாமினி ஆயிற்றே, அவள் தப்பித்தாள் என்று நினைக்கிறாயா? நாமினி என்றால் சொந்தக்காரர் இல்லை, பேங்கிடமிருந்து வாங்கிக்கொள்ளும் கை, அவ்வளவுதான். வாரிசுக்காக வைத்திருக்கிறார் என்றே கணக்கு. இன்சூரன்ஸுக்கு 1984இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, பேங்க் டெபாசிட்டுக்கு 2010இல். இந்த நவம்பர் முதல் தேதியிலிருந்து ஒரு கணக்குக்கு நாலு நாமினி போடலாம் என்று வேறு வந்திருக்கிறது. நாலு பேர் வாங்கி, ஐந்தாவது ஆளிடம் கொடுக்க வேண்டியதுதான்!

கொழுந்தனாருக்குச் செய்தி எப்படிப் போனது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. என் சந்தேகம் தம்பி பெண்டாட்டி மேல்தான், இதை உன்னோடு வைத்துக்கொள். பதின்மூன்றாம் நாளுக்குக்கூட வராத மனுஷன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மகனோடும் ஒரு தார் ரசபாளே வாழைப்பழத்தோடும் வந்து இறங்கினார். "அண்ணி கைப்புளியோதரை இன்னும் நாக்குல இருக்கு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகன் கண்ணைத் துடைக்கவில்லை. நாமினி பற்றின தீர்ப்பை யூடியூபில் பார்த்துவிட்டு வந்திருந்தான். என் தங்கை பொம்மை மாதிரி நின்றாள் என்று எழுத ஆசை, ஆனால் அவள் சும்மா இருக்கவில்லை. "மாமா, அத்தை நகை அஞ்சு சவரன் உங்ககிட்ட பத்திரமா இருக்காமே, அதைக் கொண்டுவாங்க, இதையும் அதையும் ஒண்ணா வச்சுப் பேசலாம்" என்றாள். அவளிடம் பேசாமல் இருந்ததை அந்த நிமிஷமே விட்டுவிட்டேன். ரசபாளேயை அவர்கள் போனதும் எல்லோருமாகச் சாப்பிட்டோம், அதை எதற்கு வீணாக்குவது?

இந்தச் சண்டையெல்லாம் ஒன்றுமில்லை, ஹைதராபாத் நிஜாம் வீட்டுச் சண்டை தெரியுமா? 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் ஹைதராபாத்துக்குள் நுழைந்த அதே நாட்களில், நிஜாமின் மந்திரி ஒருவர் பத்து லட்சம் பவுனை லண்டனில் பாகிஸ்தான் தூதர் பெயருக்கு மாற்றிவிட்டார். ஒரு வாரத்தில் நிஜாம், நான் சொல்லவே இல்லை, திருப்பிக் கொடு என்றார். பேங்க், நீங்கள் எல்லோரும் ஒத்துக்கொண்டு வாருங்கள் என்று பெட்டியை மூடிவிட்டது. இந்தியா, பாகிஸ்தான், நிஜாம் குடும்பம், மூன்று கட்சி. 2019 அக்டோபரில்தான் தீர்ப்பு வந்தது, நிஜாமின் பேரன்களுக்கும் இந்தியாவுக்கும் சாதகமாக. அதற்குள் அது மூன்றரைக் கோடி பவுன் ஆகியிருந்தது. நிஜாம் 1967லேயே போய்விட்டார். எங்கள் கொழுந்தனாருக்கு இந்தக் கதையைச் சொன்னேன். எழுபத்தொரு வருஷம் என்றதும் கொஞ்சம் வெளிறினார்.

இப்போது நிலவரம் இது. கனரா பணம் தங்கை கணக்குக்கு வந்துவிட்டது, ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. சட்டம் அவர் பக்கம், நியாயம் எங்கள் பக்கம், பணம் தங்கை பக்கம். ஸ்டேட் பேங்க் பணத்துக்கு வம்ச விருட்சம் வேண்டும், தமிழ்நாட்டில் வாரிசுச் சான்றிதழ் என்பார்களே, கிட்டத்தட்ட அது. அதைப் போட நாடகச்சேரிக்குப் போக வேண்டும் (பெயரைப் பார்த்துச் சிரிக்காதே, இங்கே அது தாலுகா ஆபீஸின் கிளை). அத்தையின் புகுந்த வீட்டு வம்சம் என்பதால் விண்ணப்பம் போட வேண்டியவர் கொழுந்தனார். மாடிப்படி ஏற முட்டி ஒத்துழைக்கவில்லை என்கிறார். மகன் வக்கீலுக்கு ஃபீஸ் யார் கொடுப்பது என்கிறான். என் தம்பி, ஆஸ்பத்திரி பில்லைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்துத் தலைமுழுகிவிடலாம் என்கிறான். எனக்கு அது பிடிக்கவில்லை. அத்தை பெயரில் அது ரிசர்வ் வங்கியில் 3 சதவீதத்தில் கிடக்கட்டுமே, கொழுந்தனார் கைக்குப் போகாதவரை அவர் நினைத்தது நடந்துகொண்டுதானே இருக்கிறது? தங்கையும் என் கட்சி. அவள் கையில் இருப்பதை நகை வரும்வரை அசைக்க மாட்டாளாம். வக்கீல் நோட்டீஸ் வந்தால் உனக்கு எழுதுகிறேன்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் அப்பா மண்டியா சர்க்கரை ஆலையில் இருந்தபோது உன் அம்மா விஜயா பேங்கில் ஏதோ போட்டுவைத்திருந்தார் என்று ஒரு தடவை சொன்னாய். விஜயா இப்போது பேங்க் ஆஃப் பரோடா, மேலே எழுதியிருக்கிறேன். அம்மா பெயரை யார் யார் எப்படியெல்லாம் எழுதினார்கள், இனிஷியல் எத்தனை விதம், ரேஷன் கார்டில் என்ன, பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட்டில் என்ன தேதி, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அனுப்பு. பெரியவன் பொங்கல்வரை லீவில் இருக்கிறான், பக்கத்தில் உட்காரவைத்துத் தேடுகிறேன். உன் அண்ணனிடம் இப்போதைக்கு மூச்சு விடாதே.

உன்
பழைய பெஞ்சுத் தோழி